அப்பாவின் இடைவெளிகள்

ஐப்பசி, வியாழக்கிழமை.

நாவலூர் ஆபீஸில் இன்று, வார்த்தைகளுக்கு நடுவே தேவையில்லாமல் விழும் ஸ்பேஸ்களை நீக்க ஒரு புரோகிராம் எழுதினேன். சோதித்துப் பார்க்க, போன வருஷம் இறந்துபோன அப்பாவின் மெசேஜ்கள் இருந்த ஃபைலைக் கொடுத்தேன். ஸ்பேஸுக்கு அதில் பஞ்சமே இல்லை. அவருக்குக் கை நடுங்கும். விரல் அந்தப் பட்டன் மேலேயே விழுந்துகொண்டிருக்கும். மதுராந்தகத்திலிருந்து தினமும் "சாப்ட்டியா          மா" என்று வரும்.

மடச்சி, ஃபைலை நகல் எடுத்து வைக்காமல் புரோகிராமை ஓட்டினேன். அந்த ஃபைலிலேயே எல்லாம் மாறிவிட்டது. அவர் போனும் இப்போது இல்லை.

பக்கத்து சீட் தேவி எட்டிப் பார்த்து, "சூப்பர்டி, சுத்தமா கீது" என்றாள்.

சுத்தமாகத்தான் இருக்கிறது. "சாப்ட்டியா மா." கை நடுங்காத யாரோ கேட்கிற மாதிரி.