விளக்கு ஏழு மணி நேரம்தான் எரியும்

எதிலும் என்னை முந்திக்கொள்ளும் என் தங்கை கலாவுக்கு,

நலம் விசாரிக்க வழியில்லாததால் நேராகப் புகார்களுக்கு வருகிறேன். இதன் நகல் ஒன்று நம் குடியிருப்பின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். எல்லோரும் படிக்கட்டும்.

1. மாசி மாதம், உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள்: நுழைவுக் கூடத்தில் செடிகள் நட்டு நீ அமைத்த மீன்தொட்டியின் வெள்ளை விளக்கு, என்னைக் கேட்காமல் கழற்றப்பட்டது. வண்டி நிறுத்துமிடத்துக்கு வாங்கி வைத்திருந்த பெரிய ஃபோகஸ் லைட் அங்கே மாட்டப்பட்டது.

2. அன்று மாலையே: விளக்கைத் தானாகப் போட்டு அணைக்கும் டைமர் பிடுங்கப்பட்டது. தொட்டிக்குப் பக்கத்தில் மாலையிட்ட உன் படம் வந்தது. உன் நினைவாக அந்த விளக்கு இரவும் பகலும் அணையாமல் எரியும் என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் முனிராஜ் அறிவித்தார். கூடியிருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

3. பங்குனி நடுவில்: தண்ணீர் பச்சையாகிவிட்டது. இலைகள்மீது முடி முடியாகப் பாசி. ஒருவர்கூட விளக்கைச் சந்தேகிக்கவில்லை. "அவங்க கை படல, அதான் செடியும் கூடவே போயிடுச்சு" என்றார்கள்.

4. சித்திரை முதல் ஞாயிறு, சங்கக் கூட்டம்: செடிகளைப் பிடுங்கிவிட்டு பிளாஸ்டிக் செடிகளும் நிறம் மாறும் விளக்கும் வைப்பது, உன் பெயரைப் பலகையில் பொறிப்பது என்று தீர்மானம். எதிர்த்துக் கை தூக்கியவன் ஒருவன்.

அந்த ஒருவன் யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதுவரை ஏன் சும்மா இருந்தாய் என்று கேட்பாய். உன் படத்தைக் கடந்து போகாமல் இருப்பதற்காகப் பின்பக்கப் படிக்கட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

கலா, இவர்கள் யாரும் உனக்குக் கெடுதல் நினைக்கவில்லை. அன்பினால்தான் செய்தார்கள். என்னைக் கொதிக்கவிடாமல் உறைய வைப்பதே அதுதான். வேண்டாதவனிடம் சத்தம் போடலாம். கண் கலங்கி நிற்பவனிடம் என்ன செய்வது? உன்னை நேசித்தவர்கள் எல்லோரும் சேர்ந்து, நீ நேசித்த ஒன்றை வெளிச்சத்தாலேயே கொன்றுகொண்டிருந்தார்கள்.

அந்த விளக்கை நீ எப்படித் தேர்ந்தெடுத்தாய் என்பது என் ஒருவனுக்குத்தானே தெரியும். பெங்களூரில் மீன்தொட்டிக் கடைக்காரர் நீலமும் ஊதாவுமாக ஒன்றைப் போட்டுக் காட்டினார். மீன்கள் நகைக்கடைக் கண்ணாடிக்குள் இருப்பதுபோல் மின்னின. நான் பர்ஸை எடுத்துவிட்டேன். நீ அசையவில்லை. "இது மீனைக் காட்டற லைட்டுண்ணா. என் செடிக்குச் சோறு போடற லைட்டு எது?" என்று கேட்டாய்.

பிறகு, சிவப்பு, நீலம் என எல்லா நிறமும் கலந்து பகல் வெளிச்சம்போல் இருக்கும் சாதாரண வெள்ளை விளக்கை எடுத்தாய். பெட்டியில் ஒளியின் நிற அளவு ஆறாயிரத்து ஐந்நூறு கெல்வின் என்று போட்டிருந்தது. அதிலும் பிரகாசம் குறைந்ததையே கேட்டாய். தொட்டி ஆழமில்லை, செடிகள் மெதுவாக வளர்பவை, தனியாக கார்பன் டை ஆக்சைடு விடப்போவதில்லை. ஆகவே இது போதும் என்றாய். அளவுக்கு மேல் கொடுத்தால் மிச்சத்தைப் பாசி சாப்பிடும் என்றாய்.

நான் விடுவேனா? இயற்பியலில் முதுகலை, தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பவன். ஆய்வகத்திலிருந்து வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டரைக் கொண்டுவந்து தொட்டியின் மேல் நீட்டினேன். நீ சிரித்த சிரிப்பில் காவலாளி எட்டிப் பார்த்தார். "அது மனுசக் கண்ணுக்கு அளக்கற மீட்டரு. செடிக்கு ஏதுண்ணா கண்ணு?" பேரிகைப் பக்கம் பாலிஹவுஸ் பண்ணையில் இருபது வருடம் ரோஜாக்களோடு இருந்தவளிடம் நான் மீட்டரை நீட்டியிருக்கக் கூடாது என்று அன்றே ஒப்புக்கொண்டேன். உனக்கு அதை ஒப்புக்கொள்ள வைப்பதில்தான் சந்தோஷம்.

முனிராஜுக்கும் நீ சொல்லாமல் இல்லை. அவர் தளி ஊர்க்காரர், சாமந்தி பயிரிடும் குடும்பம். பொழுது சாய்ந்தால் அவர்கள் தோட்டம் முழுக்க பல்பு எரியும். டைமரைப் பார்த்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை. "ஏன் மேடம், நம்ம தோட்டத்துல ராத்திரியெல்லாம் லைட்டு போடறோம். செடி என்ன செத்தா போச்சு? ஜம்முனு நிக்குது. நீங்க என்னடான்னா சாயந்தரமே ஆஃப் பண்றீங்க. கரண்டு காசு சங்கம்தானே கட்டுது?"

நீ பொறுமையாகச் சொன்னாய். "நீங்க போடறது சோறு இல்லீங்க, ஏமாத்து. ராத்திரி இன்னும் வரலன்னு சாமந்திய நம்ப வைக்கறீங்க. அது பூக்காம உயரமா வளருது. என் செடிய நான் ஏமாத்தல. வேலை முடிஞ்சா அது தூங்கட்டும்."

"பேச்சுல உங்கள ஜெயிக்க முடியாது மேடம்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். நீ போன பிறகு, அந்தத் தோட்டத்து வழக்கத்தையே அஞ்சலியாகக் கொண்டுவந்து உன் தொட்டியின் மேல் மாட்டினார்.

தீர்மானம் நிறைவேறிய அன்று மாலையே ஃபோகஸ் லைட்டைக் கழற்றினேன். யாரையும் கேட்கவில்லை. பாசிக்கு நீ செய்யும் வைத்தியத்தையே செய்தேன்: காற்றுக் குழாயை ஓடவிட்டு, தொட்டி முழுவதையும் கறுப்புக் கம்பளியால் மூடினேன். மூன்று நாள் ஒரு துளி வெளிச்சம் படக்கூடாது. பக்கத்தில் மாலையோடு உன் படம்; அதன் அருகே கறுப்புத் துணி. கூடம் அதிர்ந்தது என்றே சொல்லலாம். லிஃப்டில் என்னோடு ஏற இருந்தவர்கள் அடுத்த தடவைக்குக் காத்திருந்தார்கள்.

முனிராஜ் வந்தார். குரலை உயர்த்தவில்லை. "சார், படத்துக்குப் பக்கத்துல கறுப்புத் துணி போட்டிருக்கீங்களே, நல்லாவா இருக்கு? லைட்டு அணைஞ்சா மேடத்தையே மறந்துட்ட மாதிரி ஆயிடாதா?"

"கம்பளிய யாராவது தொட்டா நான் போலீசுக்குப் போவேன் முனிராஜ்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவர் கேள்விக்கு அது பதில் இல்லை என்று இருவருக்கும் தெரியும். நீ இருந்திருந்தால் அவருக்கு என்ன சொல்லியிருப்பாய்?

கம்பளியை எடுத்தபோது பாசி வெளுத்துக் கிடந்தது. கிரிப்டோ என்று நீ சுருக்கிக் கூப்பிடும் அந்த அகல இலைச் செடிகளில் ஓர் இலையும் மிச்சமில்லை. எல்லாம் கூழாகிக் கரைந்திருந்தன. பார்க்க வந்த இருவர் உச்சுக் கொட்டினார்கள். நான் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு முழங்கைவரை கையை விட்டேன். மணலுக்குள் வேர்கள் இறுக்கமாக, வெள்ளையாக இருந்தன. இழுத்துப் பார்த்தேன், விடவில்லை. உன் பிடிவாதம் அப்படியே இருந்தது.

அழுகியதை உறிஞ்சி எடுத்தேன். பாதித் தண்ணீரை மாற்றினேன். கழற்றிப் போட்டிருந்த உன் விளக்கை மறுபடி மாட்டி, டைமரைப் பழையபடி காலை பதினொன்றிலிருந்து மாலை ஆறுக்கு வைத்தேன். இப்போதெல்லாம் முன்பக்க வழியாகத்தான் வருகிறேன். நேற்று ஒரு வேரின் தலையில் செம்பழுப்பாக ஓர் இலை, சுருள் பிரியாமல், என் சுண்டுவிரல் நகமளவு வந்திருக்கிறது. முனிராஜைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் குனிந்து பார்த்தார். "ஒரு எலதானே சார்" என்றார். ஆமாம், ஒன்றுதான் என்றேன். தீர்மானம் தீர்மானம்தான் என்று சொல்லிவிட்டு, போகிறபோது மறுபடி ஒருமுறை குனிந்து பார்த்தார்.

வரும் ஞாயிறு காலை பிளாஸ்டிக் செடிகளோடு ஆள் வருகிறான். தொட்டியின் முன் நாற்காலி போட்டு நான் உட்கார்ந்திருப்பேன். என்னைத் தூக்கிவிட்டுத்தான் செடியைப் பிடுங்க வேண்டும். இந்த வயதில் இது தேவையா என்று கேட்காதே. தேவை.

இனி செயலாளருக்கு: நீங்கள் கேட்டதற்கு இதோ பதில். அவளை மறந்ததனால் அல்ல, அவள் சொன்னதை மறக்காததனால்தான் விளக்கை அணைக்கிறேன். என் கேள்வி ஒன்று உண்டு. தொட்டியிலுள்ள செடிகள் உயிரோடு இருக்கின்றனவா, இல்லையா? இருக்கின்றன என்றால் தீர்மானத்தை ரத்து செய்யுங்கள். இல்லை என்றால், அந்த இலையை இன்னொரு முறை குனிந்து பார்த்துவிட்டு, செத்துவிட்டன என்று கையெழுத்திட்டுக் கொடுங்கள். வரும் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள், தொட்டி விளக்கு அணைவதற்கு முன், எழுத்து மூலம் பதில் எனக்கு வேண்டும்.

கலா, பதில் எதுவானாலும் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நான் இருக்கும்வரை, ஆறு மணிக்கு மேல் உன் செடிகளின் இருட்டை எவரும் தொட முடியாது.

இப்படிக்கு,
மீட்டரோடு வந்து தோற்றவன்,
உன் அண்ணன்