உதிரிக்கு வாங்கிய வண்டி

வெர்லின்,

சோள ரொட்டி மேஜையில மூடி வச்சிருக்கேன். பக்கத்து வீட்டு கேலீன் ஓவன்ல சுட்டது. நம்ம ஓவன்லதான் உன் இன்ஜின் மூடி பெயின்ட் காயுதே. பீன்ஸைச் சூடு பண்ணிக்கோ.

வேலைக்கும் கேலீன் கார்லதான் போறேன். என் காரு ஷெட்டுக்குள்ள. அதை மறிச்சுக் கட்டை மேல ஏத்தி வச்ச உன் ஐம்பத்தாறாம் வருஷத்து பிக்கப் வண்டி. அதுக்கும் முன்னால, இப்ப உதிரி பாகத்துக்குன்னு நீ வாங்கின இன்னொரு பிக்கப். "இதை அறுத்து அதுல சேர்த்தா முடிஞ்சது, நடீன்"னு நேத்து சொன்னே. நம்ம கல்யாணத்தப்பவும் அது முடியப்போற வண்டிதான். நான் கத்தினது தப்பு, சொன்னது தப்பில்ல.

உதிரி வண்டியை அறுக்க டுவைன் மத்தியானம் மெஷினோட வருவான். நாயைக் கட்டிப் போடு.

என் கார் சாவி ஆணியிலயே தொங்குது. எங்கே போயிடப் போகுது.

வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து எழுதறேன். காலையில பூனையைத் தேடி அந்த உதிரி வண்டிக்கு அடியில குனிஞ்சேன். துருவே இல்ல. தரைத் தகடு முழுசா இருக்கு. நம்மளோடதைவிட அதுதான் நல்ல வண்டி. பார்த்தா நீ அதை வச்சு மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிப்பேன்னு தெரியும். சொல்லாம போக மனசு கேக்கல. டுவைன் வர்றதுக்கு முன்னால நீயும் ஒரு தடவை குனிஞ்சு பாரு.