யாரும் திரும்பிப் பார்க்காத அறை

அக்கா,

இன்று காலைப் பூசையில் சாம்பிராணி மணக்க மணக்க, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் நின்றேன். பேர் சொல்லி வேண்டுகிற மன்றாட்டை மைக்கில் வாசிக்க ஆரம்பித்ததும் பிள்ளையை இறுக்கிக்கொண்டேன். என் பேர் வருமோ என்று காத்திருந்தேன். வந்தது வேறொரு பெண்ணின் பேர். "இவர் குடும்பத்தில் சமாதானம் நிலவ" என்றார்கள். முன்னால் முக்காடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின.

அன்று உன் பேருக்கும் அப்படித்தான் திரும்பின.

இந்த வீட்டுக்கு எனக்கு முன்னால் வந்த மருமகள் நீ. "அத்த கொழம்பு நல்லாருக்குன்னு சொன்னா சந்தோசப்படாதடி, விருந்தாளுக வாராகன்னு அர்த்தம்" என்று அடுப்படியில் என்னைச் சிரிக்க வைத்தவள். உன் வீட்டுக்காரர் கை நீட்டுவதைப் பற்றி மட்டும் மூச்சுவிடவில்லை. தாங்க முடியாமல் ஒருநாள் தெரு ஜெபக்கூட்டத்து அம்மாவிடம் சொன்னாய். அந்த அம்மா நல்ல மனசோடுதான் உன் பேரை மன்றாட்டில் சேர்த்துவிட்டார். கோயிலே உனக்காக வேண்டியது. நீ முக்காட்டை நெற்றிக்குக் கீழே இழுத்துக்கொண்டாய்.

வீட்டுப்படி ஏறும் முன்பே அத்தை ஆரம்பித்தார். "எம் மகன் மானத்த மைக்கு வச்சு ஏலம் விட்டுட்டியே ஆத்தா!"

பாத்திரம் விளக்கும்போது என்னிடம் சொன்னாய்: "ஊரே எனக்காக வேண்டிக்கிட்டாகடி. என்ன ஆச்சுன்னு ஒருத்தர் வந்து கேக்கல." நான் வாய் திறப்பதற்குள் எழுந்து போய்விட்டாய். அடுத்த திராட்சை அறுப்புக்கு நீ இல்லை. உன் உயிரை நீயே முடித்துக்கொண்டாய். ஊருக்கு நெஞ்சுவலி என்று சொன்னார்கள்.

பிள்ளை பிறந்ததிலிருந்து எனக்கு மாடிப்படி பயம், அக்கா. கை தானாகப் பிள்ளையை விட்டுவிடுமோ என்று ஒவ்வொரு படியாக உட்கார்ந்து இறங்குகிறேன். என் வீட்டுக்காரரிடம் சொன்னதற்கு, "எம்.எஸ்சி. படிச்சவ பேசுற பேச்சா இது? ஒழுங்கா ஜெபம் பண்ணு" என்றார். பண்ணாமலா இருக்கிறேன்? பங்குச் சாமியார் நம் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்; அவரிடம் எப்படிச் சொல்ல? ஜெபவீடு நடத்துகிறவரிடம் போனால், கெட்ட ஆவி என்று என் தலையைப் பிடித்து உலுக்கினார். அன்றைக்குப் பயம் கூடியதுதான் மிச்சம்.

கடைசியில் தடுப்பூசி போடும் நர்ஸ்தான் வழி காட்டினார். தேனியில் ஒரு கன்னியாஸ்திரி இருக்கிறாராம், மனக்கஷ்டம் கேட்பதற்கென்றே படித்தவராம். போன வாரம் தடுப்பூசி என்று பொய் சொல்லிவிட்டுக் கம்பத்தில் பஸ் ஏறினேன்.

உட்கார்ந்ததும் முதலில் கேட்டேன், "நான் சொல்றத மன்றாட்டுல வாசிச்சிருவீகளா?"

அவர் சிரிக்கவில்லை. "மாட்டேம்மா. உனக்கோ பிள்ளைக்கோ ஆபத்துன்னு பட்டா மட்டும் வேற ஆள் உதவி கேப்பேன். அதையும் உங்கிட்டச் சொல்லிட்டுத்தான்." பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து, "என்னம்மா ஆச்சு?" என்றார்.

உன்னிடம் ஒருத்தரும் கேட்காத கேள்வி.

மாடிப்படியைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உன் பேர்தான் வந்தது. அப்புறம் வெகுநேரம் அழுகை. பயம் இன்னும் போகவில்லை. இன்றைக்கும் உட்கார்ந்துதான் இறங்கினேன். வியாழக்கிழமை மறுபடி போகிறேன்.

உன் பேரை அங்கே சத்தமாகவே சொன்னேன், அக்கா. திரும்பிப் பார்க்க அங்கே யாரும் இல்லை.