என் தலை இப்போது ஆடுவதில்லை

அன்புள்ள சின்னவனுக்கு,

நான் சுகம். நீயும் மருமகளும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும், உன் இருமல் நின்றிருக்க வேண்டும். எழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும், இது நான் சொல்ல உன் சித்தி எழுதியதல்ல, என் கையே எழுதியது. ஒரு வரியாவது கோணியிருக்கிறதா பார்.

நீ டாக்டரம்மாவுக்குப் போன் செய்தது எனக்குத் தெரியும். நடுக்கத்துக்காக மூளையில் கம்பி வைத்ததிலிருந்து அம்மா எடுத்ததற்கெல்லாம் சண்டை போடுகிறாள், அதற்கு மின்சாரம் அனுப்பும் கருவியைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள் என்றாயாம். நோயாளி நீங்கதான், உங்க மகன் இல்லையே என்று அவர் என்னிடமே சொல்லிவிட்டார். குறைத்துத்தான் பாருங்களேன் என்றேன். குறைத்தார். கை பழையபடி உதறி, தம்ளர் தண்ணீர் முழுவதும் என் மடியில். கோபம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. இந்தக் கம்பி கோபம் இருக்கிற பக்கமே போகலைம்மா, அது உங்க சொந்தச் சரக்கு என்று சிரித்துக்கொண்டே திரும்பக் கூட்டி வைத்தார். விழித்திருக்கும்போதே மண்டையைத் துளைத்து, நடுக்கம் நின்றதா என்று பார்க்க, வட்டம் போடுங்கள் என்று தாளை நீட்டியவர்களிடம், இந்தப் பேனா சரியில்லை, வேறு கொடுங்கள் என்று கேட்டவள் நான். என்னை அடக்க ஒரு பொத்தான் போதும் என்று நினைத்தாயே!

முன்னெல்லாம் எவ்வளவு சாதுவா இருந்தே அக்கா என்று உன் சித்தியும் பெருமூச்சு விடுகிறாள். சாதுவும் இல்லை, சந்நியாசியும் இல்லை. குரல் நடுங்கியது, நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் நீங்களே முடித்துவிடுவீர்கள், அதனால் பேசுவதை விட்டேன். தலை தானாக ஆடிக்கொண்டிருந்தது. வீட்டை வித்துடலாமாம்மா என்று நீ வீடியோவில் கேட்டபோதும் ஆடியது. நான் வாயைத் திறப்பதற்குள், அம்மா சரின்னுட்டாங்க என்று அண்ணனிடம் சொல்லி, தரகரையும் பிடித்துவிட்டாய். போன வாரம் அவர் வந்து, உன் அப்பா படுத்திருந்த அறையை அளந்தார். டேப்பின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னது என்னைத்தான். பிடிக்கவில்லை, வாசலைக் காட்டினேன். நீ சண்டை என்று சொல்வது அதைத்தானே?

கருவியின் ரிமோட் என் கைப்பையில் இருக்கிறது, அங்கேயே இருக்கும். இருமலுக்குக் கைக்குக் கிடைத்த மாத்திரையை விழுங்காமல் டாக்டரைப் பார், அங்கே போயாவது உன் உடம்பைப் பற்றிப் பேசு. பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்து படிக்கட்டும். எல்லோரும் நோய்நொடியின்றி நன்றாக இருங்கள், என் ஆசி எப்போதும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிட மறக்காதே. வீட்டைப் பற்றி அதே கேள்வியை இன்னொரு முறை கேள். கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லி முடிக்கும்வரை என் முகத்தைப் பார்.

இதே வீட்டிலிருந்து,
உன் அம்மா