நான்கு கட்டக் கையெழுத்து

மார்ச் 4, செவ்வாய்

ஏழு மணிக்கே வெயில். காற்று சுண்ணாம்புக்கல் மைன்ஸ் பக்கமிருந்து. கல் லாரி போனால் புழுதியில் எதிர்வீடு தெரியவில்லை.

அப்பா, ஆக்சிஜன் காட்டும் விரல் மிஷின்: காலை 92. மதியம் 89. சாயங்காலம் 90. (டாக்டர் நோட்டில் தனியாக எழுத வேண்டும். 88-க்குக் கீழே போனால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொல்லியிருக்கிறார்.)

வாசல் பெருக்கித் தெளித்தது மூன்று தடவை. துணி உள்ளேயே கொடியில். ஜன்னலுக்கு ஈரச் சேலை, இரண்டு மணிக்கொரு முறை மறுபடி நனைத்து.

தண்ணீர் லாரி காலையில் மட்டும். ஓட்டுவது மாணிக்கம் மாமா, அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. புழுதி அடங்க ரோட்டில் ஒரு நாளைக்கு நான்கு முறை தெளிக்க வேண்டும் என்று மைன்ஸ்காரர்களுக்கு உத்தரவு. தெளித்ததற்குத் தெருவில் ஒருவர் ஷீட்டில், தடவைக்கு ஒரு கட்டமாக, கையெழுத்துப் போட வேண்டும். எப்போதும் வீட்டில் இருப்பது நான்தான்.

"மருமவளே, நாலு கட்டத்துலயும் போட்டுடு தாயி. ஒவ்வொரு தடவையும் எறங்கி ஏற முட்டி ஒத்துக்கல."

7, 10, 1, 4. நான்கிலும் போட்டேன். பொங்கல் முடிந்ததிலிருந்து இப்படித்தான்.

மார்ச் 5, புதன்

10 மணி, தண்ணீர் லாரி வரவில்லை. 1 மணி, வரவில்லை. 4 மணி, வரவில்லை.

மதியம் கரண்ட் இல்லை. அதே நேரம் அப்பாவுக்கு இழுப்பு. நெபுலைசர் போட முடியாது. இன்ஹேலர் நான்கு தடவை அடித்து, முதுகில் தலையணை வைத்து, முன்னால் குனிய வைத்து, விசிறிக்கொண்டே இருந்தேன். கழுத்துக்கும் நெஞ்செலும்புக்கும் நடுவில் குழி விழுகிறது. கரண்ட் வர முக்கால் மணி நேரம்.

பேச்சு வந்ததும் சொன்னார்: "சிமெண்டு மூட்டையத் தூக்கிக்கிட்டு ஓடுனப்ப மூச்சே தேவைப்படல. இப்ப சும்மா ஒக்காந்திருக்கத் தேவைப்படுது பாரு."

நான் பத்தாவதைப் பாதியில் விட்டது இதற்காகத்தான். அம்மா குன்னம் பக்கம் பருத்தி எடுக்கப் போனால் சாயங்காலம்தான் வருவாள். அப்பாவைத் தனியாக விட முடியாது.

எதிர்க்கடை செல்வி அக்கா கல் லாரிக்காரனிடம்: "ஏன்டா, தார்ப்பாய என்ன ஒன் பொண்டாட்டிக்குச் சேலையா எடுத்து வச்சிருக்க? கல்லு மேல போட்டு மூடுறா!"

எனக்கு அந்தக் குரலில் கால்வாசி இருந்தால் போதும்.

மார்ச் 6, வியாழன்

சோறு வடிக்கும்போது மனப்பாடம் செய்தேன். "மாமா, ஒரு தடவைக்கு ஒண்ணுதான் போடுவேன்." ஏழெட்டு முறை சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது.

மாமா வந்தார். கையில் அப்பாவுக்குப் புது இன்ஹேலர். பழையது தீரப் போவதை யாரோ சொல்லி, அரியலூர் டவுனில் தேடி வாங்கி வந்திருக்கிறார். "மூணு கடை ஏறி எறங்குனேன் மருமவளே. மச்சான் மூச்சுத் திணறாம இருக்கணும்ல."

நான்கு கட்டத்திலும் போட்டேன்.

அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று இன்று தெரிந்தது. விக்கிரமங்கலம் ரோட்டில் யாரோ வீடு கட்டுகிறார்கள். மீதி மூன்று நடையும் அங்கே. பால்காரர் சொன்னார்.

மார்ச் 8, சனி

87. பிறகு 85.

உதடு நீலம். செல்வி அக்கா வீட்டுக்காரர் ஆட்டோவில் அரியலூர் ஆஸ்பத்திரி. ஊசி, ஆக்சிஜன், மாலையில் திரும்பினோம்.

டாக்டர் அம்மாவிடம்: "நுரையீரல் ஏற்கனவே சுருங்கிப் போச்சும்மா. மருந்து கொடுக்குறதுல பாதிய அந்தத் தூசி எடுத்துடுது. இன்னொரு தடவ இப்படி வந்தா என்னால உறுதி சொல்ல முடியாது."

அம்மா: "தூசி இல்லாத ஊரு எதுங்க சார்?"

டாக்டர் அடுத்த சீட்டைக் கூப்பிட்டார்.

வரும்போது வெள்ளைப் புழுதியில் ஆட்டோ நின்று நின்று போனது. அப்பா வாயில் அம்மா முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டே வந்தாள். நான் வெளியே பார்த்தேன். நனையாத ரோடு. காகிதத்தில் நான்கு முறை நனைந்த ரோடு.

மார்ச் 10, திங்கள்

செல்வி அக்கா மனு எழுதியிருக்கிறாள். வீடு வீடாகக் கையெழுத்து.

"இந்தாடி தேவி, ஒங்கப்பனுக்காகத்தான் முக்கியமா. போடு."

மனுவில் இருந்தது: தண்ணீர் ஒழுங்காகத் தெளிப்பதில்லை, பொய்க்கணக்கு காட்டுகிறார்கள்.

போட்டேன். அதே பெயர், அதே சுழி.

மனுவை விசாரிக்க அரசு ஆபீசர் அம்மா ஒருவர் புதன்கிழமை நேரில் வருகிறாராம். மதியம் சாப்பிடவில்லை. ராத்திரியும். வயிறு சரியில்லை என்று அம்மாவிடம் சொன்னேன்.

மார்ச் 11, செவ்வாய்

91. 90. 89.

மாமா சிரித்துக்கொண்டே வந்தார். "மனு குடுத்துருக்காங்களாமே? குடுக்கட்டும். நம்மகிட்டதான் ஷீட்டு இருக்குல்ல."

நம்மகிட்ட.

ஒரு கட்டத்தில் மட்டும் போட்டுவிட்டுப் பேனாவை நீட்டினேன். "மறந்துட்டியா? மீதி மூணு?" என்றார். அவர் திட்டியிருந்தாலாவது மறுத்திருப்பேனோ என்னவோ. திட்டவில்லை. போட்டேன்.

அரிசி ஊறப்போட மறந்தேன். பால் பொங்கி வழிந்தது.

மார்ச் 12, புதன்

நடந்தது நடந்தபடி.

பதினொரு மணி. தண்ணீர்த் தொட்டி பக்கம் ஜீப். ஆபீசர் அம்மா, மைன்ஸ் ஆள் ஒருவர் ஃபைலோடு, மாணிக்கம் மாமா, தெருவே.

ஃபைல்காரர்: "டெய்லி நாலு தடவை தெளிக்கிறோம் மேடம். தெருக்காரங்களே கையெழுத்துப் போட்டுருக்காங்க."

"எவ போட்டா?" செல்வி அக்கா பாய்ந்து ஷீட்டைப் பிடுங்கினாள். என் பெயரைப் படித்தாள். எல்லோரும் திரும்பினார்கள். நான் தொட்டிச் சுவரில் ஒட்டி நின்றேன்.

அக்கா சிரித்தாள். "மேடம், சுத்தப் பொய்க் கையெழுத்துங்க. அந்தப் புள்ள நாலு பேரு இருந்தா வாயே தொறக்காது. அதோட அப்பனே மூச்சு வாங்கிக்கிட்டுக் கெடக்காரு. அது போடுமா? இவனுவளே எழுதிக்கிட்டானுவ."

மாமா முகம் வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்தார்.

ஆபீசர் அம்மா ஷீட்டை என் முன்னால் பிடித்தார். "இது உன் கையெழுத்தாம்மா?"

இல்லை என்றால் போதும். தெரு ஜெயித்துவிடும். நான் தப்பித்துவிடுவேன். மாமா மட்டும் உள்ளே போவார், அவர் போடாத பொய்க் கையெழுத்துக்கு.

"என்னுதுதாங்க."

"சத்தமா சொல்லும்மா."

"என்னுதுதாங்க. காலையிலயே நாலுலயும் போட்டேன். தண்ணி ஒரு தடவதான் வந்துச்சு. பொங்கல்லேருந்து இப்படித்தான்."

ஒரு லாரி போனது. எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம், புழுதி அடங்கும் வரை.

நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னார் ஆபீசர் அம்மா. ஜீப்பின் மேல் காகிதம் வைத்து எழுதினேன். பத்தாவது பரீட்சை எழுதாத கை, ஒரு பக்கம் நிறைய எழுதியது. மாமா தலையைக் குனிந்தபடி லாரியில் ஏறிப் போனார்.

செல்வி அக்கா என்னைப் பார்க்காமல் கடைக்குள் போனாள். "கூடவே இருந்துக்கிட்டு" என்று மட்டும் காதில் விழுந்தது.

அப்பாவிடம் நானே சொன்னேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். 90.

மார்ச் 13, வியாழன்

7 மணி, தண்ணீர் லாரி இல்லை. 10, இல்லை. 1, இல்லை. வந்துகொண்டிருந்த ஒரு நடையும் நின்றது. கல் லாரிகள் மட்டும் வழக்கம்போல. மாமாவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம்.

நான் குடத்தில் எடுத்து வாசலிலும் ரோட்டிலும் ஊற்றினேன். பதினாறு குடம். பத்து நிமிடத்தில் காய்ந்தது.

மூன்று மணிக்கு 87. நெபுலைசர் போட்டும் ஏறவில்லை. 86. அம்மா குன்னத்தில். கடை எதிரே இருக்கிறது. அக்கா காலையிலிருந்து என் பக்கம் திரும்பவே இல்லை.

வாசலில் நின்று கத்தினேன். "செல்வி அக்கா! அப்பா!"

தராசுத் தட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

இப்போது ஆஸ்பத்திரி. வராந்தாவில் அப்பாவுக்குக் கட்டில். ஐந்தரை. ஆக்சிஜன் போகிறது. 88. 89. இரண்டு நாள் இருக்க வேண்டும் என்றார்கள். அக்கா அம்மாவுக்குத் தகவல் சொல்லப் போனாள். போகும்போது தலையில் ஒரு குட்டு. "எங்கிட்டயாச்சும் சொல்லித் தொலச்சிருக்கலாம்லடி."

அப்பா கையசைத்துக் கூப்பிட்டார். மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கினார்.

"ரோட்டுக்குத் தண்ணி வந்துச்சா?"

வந்தது என்றால் நிம்மதியாகத் தூங்குவார்.

"வரலப்பா."