புதுச் சாமையில் இரண்டாம் பிடி

கள்ளக்குறிச்சி
2.12.1988

அன்பு மகள் கமலாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அம்மாவும் கை கால் சுகத்தோடு நடமாடிக்கொண்டிருக்கிறோம். பீகார்க் குளிரில் உனக்கும் உன் ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கும் அந்தச் சுகம் கிடைக்கவேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறோம். நீ அனுப்பிய கம்பளித் துண்டு வந்து சேர்ந்தது. எனக்கென்றுதான் எழுதியிருந்தாய், அம்மா போர்த்திக்கொண்டு திரிகிறாள். கேட்டால், கோபக்காரருக்கு எதற்குக் கம்பளி, உடம்புதான் எப்போதும் கொதிக்கிறதே என்கிறாள். ரிஷிவந்தியத்து அத்தைக்கு முழங்கால் வலி கொஞ்சம் கம்மி. களமருதூரில் உன் மாமாவின் நெல் மழையில் சாய்ந்துவிட்டது, பாதியாவது தேறும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். தம்பி ராசுவுக்குப் பெண் பார்க்கிறோம், அது தனிக் கதை.

நீ கேட்டிருந்த விஷயத்துக்கு வருகிறேன். மலையூர் சபைக்குப் புதிதாக வந்த ஆயர் ஞானசிகாமணி, வேதப் படிப்புச் சான்றிதழ் இல்லாதவர்கள் இனிமேல் பிரசங்க மேடையில் ஏறக் கூடாது, சாட்சி சொல்வதானால் கீழே நின்று சொல்லலாம் என்று சித்திரை மாதமே அறிவித்ததை உனக்கு எழுதியிருந்தேன். அந்த மலையில் ரோடு இல்லாத காலத்தில் கச்சிராயபாளையத்திலிருந்து நடந்தே ஏறி, காய்ச்சலில் கிடந்தவர்களுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, அவர்களோடு சேர்ந்து மண் குழைத்துக் கோயில் சுவர் வைத்த உபதேசி நான். கடைப் பலகைகளைப் பார்த்து எழுத்துக் கூட்டிப் படித்தவனுக்கு யார் சான்றிதழ் தருவார்கள்? அன்றைக்கு இறங்கியவன் திரும்ப ஏறவில்லை. இங்கே கள்ளக்குறிச்சிக் கோயிலிலும் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஜெபம் முடிந்ததும் யாரோடும் பேசாமல் வந்துவிடுவேன். மேலே போகாதீர்கள், உங்கள் அருமை அவர்களுக்குத் தெரியட்டும், பேராயருக்கு நானே மனு எழுதுகிறேன் என்று நீ எழுதினாய். அதைப் படித்தபோது, பொய் சொல்வானேன், எனக்கு இனிப்பாகத்தான் இருந்தது.

போன மாதம் மழை விட்ட மறுநாள் மலையூரிலிருந்து கொளஞ்சியம்மாள் வெள்ளிமலைக்கு நடந்து, அங்கே பஸ் ஏறி நம் வீட்டுக்கு வந்துவிட்டாள். உனக்குத் தலை பின்னிவிடுவாளே, அவள்தான். வாசலில் நின்றுகொண்டே, "இன்னா உபதேசியாரே, நீங்க இங்க கோவமா குந்திக்கினு கீறீங்க, அங்க எங்க அடுப்பு அணைஞ்சி கெடக்குது" என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் சொன்னாள். அந்த ஊர் வழக்கம் உனக்கு மறந்திருக்கலாம். புதுச் சாமையைப் பொங்கினால், ஜெபம் செய்தவர் முதல் பிடியைத் தின்றுவிட்டு, இரண்டாம் பிடியைத் தன்னோடு மனத்தாங்கல் உள்ளவர் கையில் தர வேண்டும். அப்படி யாரும் இல்லையென்றால் பக்கத்தில் நிற்கிற குழந்தைக்குத் தரலாம். அதற்கு அப்புறம்தான் மற்ற வீடுகளில் புதுச் சாமையை உலையில் போடுவார்கள். அவர்கள் ஆண்டவரிடம் வந்த பிறகும் அதை விடவில்லை, நானும் விடச் சொல்லவில்லை. வருஷா வருஷம் நான்தான் ஜெபித்துத் தின்பேன், இரண்டாம் பிடியைக் குழந்தைக்குத்தான் கொடுப்பேன்.

இந்த வருஷம் ஆயர் ஜெபித்தாராம். முதல் பிடியை எடுக்கப் போனவரிடம் ஊர்ப் பெரியவர் இருசப்பன், இரண்டாம் பிடி யாருக்கு என்று கேட்டிருக்கிறார். ஆயர் குழந்தையைக் கூப்பிட்டாராம். "கொயந்தைக்கு இல்ல ஆயரே, ஒங்க மேல வருத்தமா இருக்கிற ஆளு கள்ளக்குறிச்சியில கீறாரு" என்று சொல்லி இருசப்பன் பானையை மூடிவிட்டார். பழைய தானியம் தீர்ந்துபோய், வீட்டில் புதுச் சாமையை வைத்துக்கொண்டே ஊர் முழுக்க மரவள்ளிக் கிழங்கு தின்றுகொண்டிருக்கிறது. இதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். ஆயருக்கு நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். வாய்விட்டும் சொன்னேன். கொளஞ்சியம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அம்மா கொடுத்த தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு, "புள்ளைங்க சாமைய மோந்து பாத்துக்கினு தூங்குதுங்க. நீங்க வர்ற வரைக்கும் உங்க வூட்டுத் தண்ணி எனக்கு வாணாம்" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் பிடிவாதம் உண்டு என்று நானும் திரும்பி உட்கார்ந்தேன். அம்மா இரண்டு பேரையும் பார்த்துவிட்டு என் வேட்டியையும் துண்டையும் பையில் வைத்தாள். பிறகு பையை என் மடியில் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றாள்.

வெள்ளிமலையில் இறங்கினால், கொளஞ்சியம்மாள் என்னைக் கூப்பிடப் போனதைக் கேள்விப்பட்டு ஆயரே நின்றிருந்தார். பையைக் கேட்டார், நான் கொடுக்கவில்லை. மலையூர் வரைக்கும் நான் முன்னால், அவர் பின்னால், நடுவில் கொளஞ்சியம்மாள். கோயில் வாசலில் அன்றைக்கென்று புதிதாகப் பொங்கிய பானை இருந்தது. குழந்தைகள் சுற்றி நின்றார்கள். நீங்கள்தான் ஜெபிக்க வேண்டும் என்று ஆயர் சொன்னார். ஜெபித்தேன். முதல் பிடியைத் தின்றேன். இரண்டாம் பிடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மனம் கனிந்து கொடுத்தேன் என்று எழுதினால் பொய். கை முதலில் போனது, மனம் பின்னால்தான் வந்தது. ஆயர் இரண்டு கையையும் சேர்த்து ஏந்தி வாங்கித் தின்றார். தின்றுகொண்டே, "உங்களுக்குப் பின்னால் இந்த ஊரில் பேச எனக்குப் பயம் ஐயா, அதனால்தான் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன்" என்றார். அவருக்கு என் மகன் வயதுதான் இருக்கும். இருசப்பன், இதைச் சித்திரையிலேயே சொல்லியிருந்தால் நாங்கள் கிழங்கு தின்றிருக்க வேண்டாமே என்றார். சனமெல்லாம் சிரித்தது. சிறிது நேரத்தில் எல்லாக் கூரையிலும் புகை வந்தது. அந்தப் புகையைப் பார்த்து நான் சொன்ன ஸ்தோத்திரம் போல இத்தனை வருஷ ஊழியத்தில் சொன்னதில்லை. ஒரு சனம் என்னைக் கோபத்தோடு விட்டுவிட மனமில்லாமல் பசித்திருந்தது, கமலா. எந்த மேடை எனக்கு இதைத் தந்திருக்கும்?

அந்தச் சட்டம் தப்பு என்று இன்றைக்கும் சொல்வேன், ஆயரிடமும் சொல்லிவிட்டேன். மேடையில் ஏறச் சொன்னார். வேண்டாம், கீழேயே நிற்கிறேன், எனக்கு அதுவே போதும் என்றேன். அது வீம்பு என்று அம்மா சொல்கிறாள், இருக்கட்டும். நீ எனக்காக எழுதி வைத்திருக்கும் மனுவை மட்டும் அனுப்பாதே. நியாயம் நம் பக்கம்தான். ஆனால் என் கையால் சோறு வாங்கித் தின்ற மனுஷன் மேல் மனு போட்டால், மலையூரில் அடுத்த சாமைக்கு நான் எந்த முகத்தோடு போய் நிற்பேன்? எனக்காகக் கோபப்பட்ட உன் அன்புக்கு நன்றி அம்மா, அந்தக் கோபத்தை இதோடு இறக்கி வை.

இராத்திரி டியூட்டிக்குக் காதை மூடிக்கொண்டு போ. வெந்நீர் குடி. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன் கைபட்டவர்களுக்கெல்லாம் சுகம் தரட்டும். பதில் எழுதினால் வாரத்தின் நடுவில் வந்து சேருகிற மாதிரி எழுது. சனி, ஞாயிறுகளில் நான் மலையில் இருப்பேன்.

உன் அப்பா,
செல்லமுத்து