குழாய் நோட்டில் உன் பெயர்

அன்பு மகள் குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, அவருடைய முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் காய்ச்சல் தலைவலி என்று இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற நினைப்பிலேயே எழுத உட்கார்ந்தேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ என்னைப் பேச விடுவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை, "வாயை மூடிக்கிட்டு சும்மா இரும்மா, தானா வர்றதை எதுக்குத் தள்ளுறே" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். நான் சும்மா இருக்கப் போவதில்லை. அதைச் சொல்லத்தான் இது.

நம் சந்து வீடுகளை இடித்துக் கட்டப்போகும் கட்டடத்தின் படத்தை முனையில் பெரிதாக வைத்திருக்கிறார்கள். மூன்று கோபுரம், கீழே கடைகள், நடுவில் நாலு மாடிக்கு ஆபீஸ், அதற்கு மேல் வீடுகள், உச்சியில் நீச்சல் குளம். வசிக்க, வேலை பார்க்க, பொருள் வாங்க எல்லாம் ஒரே இடத்தில் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. நாம் முப்பது வருடமாக அப்படித்தான் இருக்கிறோம், இதுவரை அதற்கு நெரிசல் என்று பெயர் வைத்திருந்தார்கள். பழைய குடித்தனக்காரர்களுக்குப் பின்பக்கம் தனிக் கட்டடமாம், குப்பை லாரி நுழைகிற வாசல்தான் நமக்கும் வாசல். கம்பெனி ஆள் ஒருவர் இருக்கிறார், எதைச் சொன்னாலும் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிப்பார், சந்தில் அவருக்குப் பல்லழகர் என்று பெயர். துணி காயப்போட இடம் எங்கே என்று அவரிடம் கேட்டேன். "வெளியில துணி தொங்கக் கூடாதுன்னு ரூல் இருக்குக்கா, பார்க்க அசிங்கமா இருக்கும்" என்றார். நான் துவைக்கிறது எங்க துணி இல்லப்பா, ஹோட்டல்ல உங்களை மாதிரி ஆளுங்க சாப்பிட்டு வாய் துடைச்ச துணி என்றேன். அதற்கும் சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் நான் ஏமாறவில்லை. என் கையெழுத்தில்தான் ஏமாந்தேன். குழாய் நோட்டு உனக்குத் தெரியும். பதினைந்து வருடமாகக் காலைத் தண்ணீருக்கு முறை எழுதுவது நான்தான். ஒரு குடும்பத்துக்கு எட்டுக் குடம். இரண்டு குடும்பம் கூட்டுச் சேர்ந்தால் ஒருவர் நின்று பதினாறு குடத்தையும் பிடித்து வைப்பார், மற்றவர் நேரத்துக்கு வேலைக்குப் போய்விடுவார். அப்படிச் சேர்ந்தவர்களுக்கு மூத்தவர் பெயரை மட்டும் எழுதி முடித்துவிடுவேன். பெயின்டரும் தம்பியும் ஒரே பெயர், அடுப்பு இரண்டு. இது சந்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கம்பெனியிலிருந்து கணக்கெடுக்க வந்த பெண்ணுக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்குள் வீடு, தட்டிக்குப் பின்னால் இன்னொரு குடும்பம் என்று பார்த்து அவளுக்குத் தலை சுற்றிவிட்டது. யார் யார் இருக்காங்கன்னு எங்கேயாவது எழுதி வெச்சிருக்கீங்களாக்கா என்றாள். நான் பெருமையாக நோட்டை எடுத்து நீட்டினேன். எங்க ஆபீஸ்ல கூட இவ்வளவு சுத்தமா எழுத மாட்டாங்கக்கா என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

போன மாதம் பட்டியல் ஒட்டினார்கள். நோட்டில் எத்தனை பெயரோ அத்தனை வீடு. பதினைந்து வரி மிச்சம் பிடித்தேன், பதினைந்து குடும்பம் தெருவில். ஆனால் முப்பத்தொன்றாவது வரியில் நீ இருக்கிறாய். கல்யாணமான புதிதில் பக்கத்து அறையில் தனி அடுப்பு வைத்தாயே, அப்போது எழுதிய முறை. நீ போய் நாலு வருடமாகியும் நான் அந்தப் பெயரை அடிக்கவில்லை. உன் எட்டுக் குடத்தில்தான் ஹோட்டல் துணியை அலசிக்கொண்டிருந்தேன். எல்லோருக்கும் தெரியும், துவைக்கிறவள்தானே என்று விட்டுவிட்டார்கள். இப்போது உனக்கு ஒரு வீடு. பெயின்டரின் தம்பி பெண்டாட்டி இடுப்பில் குழந்தையோடு வந்து, பட்டியலில் மேலிருந்து கீழே இரண்டு முறை விரலை ஓட்டிப் பார்த்தாள். பிறகு எல்லோரும் கேட்கவே, "எங்க அடுப்பு உங்க கண்ணுல படலையாக்கா? இங்க இல்லாத உங்க பொண்ணுக்கு வீடு, இருக்கற எனக்கு ரோடா?" என்றாள். அன்றிலிருந்து குழாயடிக்கு நான் போனால் பேச்சு நின்றுவிடுகிறது.

அடுத்த மாதம் பத்தாம் தேதி நகர ஆபீசில் விசாரணை, அதோடு பட்டியல் முடிவாகிவிடும். அங்கே நான் வாய் திறந்துவிடுவேனோ என்றுதான் பல்லழகர் வீட்டுக்கே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "நோட்டு தப்புன்னு நீங்களே சொன்னா உங்க பொண்ணு வீடு போயிடும்கா. அதோட நிக்காது, உங்க வீட்டையும் நோண்டுவாங்க. யோசிங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அப்பா பயந்துபோய் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஊர் வம்பு உனக்கெதுக்குடி என்றார். ஊர் வம்பு இல்லை, நான் எழுதிய வம்பு என்றேன்.

நீ மூன்று வருடத்தில் நாலு வாடகை வீடு மாறியது எனக்குத் தெரியும். பேரன் சுவரில் கிறுக்கியதற்கு வீட்டுக்காரன் கத்தியதைச் சொல்லி நீ அழுததையும் மறக்கவில்லை. திரும்பி வந்தால் சொந்தமாக ஒரு கதவு என்று நீ ஆசைப்படுவதில் தப்பே கிடையாது. ஏமாற்றியது கம்பெனிதானே, நீயா என்று கேட்டாய். கம்பெனி ஏமாற்றும், அதற்குத்தான் டை கட்டி ஆள் வைத்திருக்கிறது. அது என் நோட்டை வைத்து ஏமாற்றுவதைப் பார்த்துக்கொண்டு நான் எப்படி உட்கார்ந்திருப்பது?

அதனால் மூன்று நாள் சாயங்காலம் வீடு வீடாகப் போய் அடுப்பை எண்ணினேன். இரண்டு பேர் கதவைச் சாத்தினார்கள். பெயின்டரின் தம்பி பெண்டாட்டி நகர்ந்து வழி மட்டும் விட்டாள். உள்ளே போய் எழுதிக்கொண்டேன். திங்கட்கிழமை புதுப் பட்டியலோடு மனு கொடுத்துவிட்டேன். அதில் உன் பெயர் இல்லை. மனுவை வாங்கிய கிளார்க் நல்ல மனுஷி, எழுந்து வந்து தனியாகச் சொன்னாள்: உங்க பொண்ணு இங்க குடியில்லைன்னு அவங்களே எழுதித் தரணும், இல்லைன்னா பழைய பட்டியல்தான் சரின்னு கம்பெனி சாதிக்கும், நீங்க சொல்றது எதுவும் நிக்காது, அந்தப் பதினைஞ்சு பேரும் போயிடுவாங்க என்று. அந்தப் படிவத்தை இதோடு மடித்து வைத்திருக்கிறேன். எந்தத் தேதியில் வீட்டைக் காலி செய்தாய் என்று கேட்கும் இடத்தில் உண்மையான தேதியைப் போடு. பள்ளிக்கூடத்தில் மார்க் அட்டையில் என் கையெழுத்தைப் போட்டவள் நீ, உன்னுடையதைப் போட எனக்கு எவ்வளவு நேரமாகும்? இரண்டு முறை பேனாவை எடுத்தேன், வைத்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் உன் பெயரை ஒரு தடவை எழுதி வைத்தது போதும்.

மாப்பிள்ளையிடம் கோபப்படாமல் எடுத்துச் சொல். பேரனுக்கு ஆயிரம் முத்தம். எங்கே இருந்தாலும் நீங்கள் மூவரும் நன்றாக இருக்க வேண்டும், அதில் எனக்கு வேறு எண்ணமே இல்லை. என்மேல் கோபமென்றால் பேசாமல் இரு, தாங்கிக்கொள்வேன். படிவம் மட்டும் ஐந்தாம் தேதிக்குள் வந்து சேர வேண்டும், பதிவுத் தபாலில் அனுப்பு.

உன்
அம்மா